அண்ணன் பார்க்காத தீவு

அண்ணன் சென்னையிலிருந்து அனுப்பிய பட்டியலில் ஏழு தீவுகள் இருந்தன. மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ், ரீயூனியன், அப்புறம் மொரீஷியஸைச் சுற்றியிருக்கும் குட்டித் தீவுகளில் நான்கு. இருப்பது பதினான்கு நாள் லீவு. "வர்றதே ஒரு தடவைதான், எல்லாத்தையும் பார்த்துடணும்மா" என்று வாட்ஸப்பில் குரல் பதிவு வேறு.

நான் கல்யாணமாகி மொரீஷியஸில் இருக்கும் ரோஸ் ஹில்லுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட வந்தவர். வீட்டில் பேச்சு கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி. அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி கோயிலில் கற்றது, மீதி என்னிடம் திட்டு வாங்கிக் கற்றது. அந்தப் பட்டியலை அவரிடம் காட்டினேன். "உங்க அண்ணன் லீவுக்கு வர்றாரா, கணக்கெடுக்க வர்றாரா?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அதே தப்பை நாங்களே செய்திருந்தோம்.

அது ஒரு ஆகஸ்ட் மாதம். மாமனார், மாமியாரோடு ரோட்ரிக்ஸில் நான்கு நாள் தங்கிவிட்டு, காலை விமானத்தில் மொரீஷியஸ் வந்து, அதே நாள் சாயங்காலம் ரீயூனியன் போவதாகத் திட்டம். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ரோட்ரிக்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம், ரீயூனியனுக்கு முக்கால் மணி நேரம். ஆனால் ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று எப்படி அடிக்கும் என்பதை யாரும் காகிதத்தில் எழுதவில்லை. ரோட்ரிக்ஸுக்குப் பறப்பது இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம். பிளேன் கொராய் விமான நிலையத்தில் காற்று குறுக்கே பிடித்துக்கொண்டால் வர வேண்டிய விமானம் வராது. மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அப்புறம், நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.

ரீயூனியன் டிக்கெட் வேறு கம்பெனியில் தனியாக எடுத்தது. நாங்கள் ஏன் வரவில்லை என்பது அவர்கள் கவலை இல்லையே. காசு போனது. அது போனால்கூடப் பரவாயில்லை. ரீயூனியனில் சான் ஆந்த்ரே ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரருடைய அத்தை, அவரை நாங்கள் தாந்தின் என்று கூப்பிடுவோம், நான்கு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு ராத்திரி பத்து மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மாமியார் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவது எத்தனை மணி நேரமானாலும் அது ஒரு முழு நாள். ரோஸ் ஹில்லிலிருந்து விமான நிலையம் தெற்கே ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். இறங்கினால் வாடகைக் கார், சாவி, தங்கும் வீட்டின் சொந்தக்காரரைத் தேடுவது, கடை மூடுவதற்குள் பாலும் ரொட்டியும் வாங்குவது என்று பொழுது சாய்ந்துவிடும். அண்ணனுடைய பதினான்கு நாளில் வருகிற நாள், கிளம்புகிற நாள் போக, நான்கு கடல் தாண்டல். இரண்டு தாண்டலுக்கு நடுவில் சும்மா இருக்க ஒரு நாள். பார்ப்பதற்கு மிஞ்சுவது ஏழு நாள்தான். ஏழு நாளில் ஏழு தீவா?

குட்டித் தீவுகளில் மூன்றை அடித்தேன். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை.

வரிசையையும் மாற்றினேன். எந்தத் தீவுப் பயணம் காற்றால் கெட வாய்ப்பு அதிகமோ, அதை முதலில் வைக்க வேண்டும். அதனால் ரோட்ரிக்ஸ் முதலில், ரீயூனியன் அடுத்து, ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாட்கள் மொரீஷியஸில். மாதம் மே. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இங்கே புயல் காலம். மொரீஷியஸில் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறினால் ஊரே கதவை அடைத்துக்கொள்ளும், பஸ்கூட ஓடாது. ஜூனுக்கு மேல் காற்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மே மாதம், தமிழ்நாட்டுப் பள்ளி லீவோடு பொருந்தி வந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஒரு புதன்கிழமை வந்து இறங்கினார்கள். அண்ணன், அண்ணி, பத்து வயதுப் பையன். பையனிடம் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து, படி என்றேன். மொரீஷியஸ் நோட்டில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும், சீனிவாசன் என்ற தமிழர் படமும் இருக்கும். 1998-ல் தமிழை மூன்றாவது வரிக்குத் தள்ளி அச்சடித்துவிட்டு, தமிழர்கள் கொதித்ததும் நோட்டையே திரும்பப் பெற்றார்கள். பையன் அந்த நோட்டைக் கடைசிவரை செலவு செய்யவில்லை. இந்த ரூபாய் ரோட்ரிக்ஸில் செல்லும், ஏனென்றால் அது இதே நாட்டின் தீவு, 2002 முதல் தன்னாட்சி. ரீயூனியனில் செல்லாது. அது பிரான்ஸ், அங்கே யூரோ.

வெள்ளிக்கிழமை ரோட்ரிக்ஸ். வேண்டுமென்றேதான் வெள்ளி. சனிக்கிழமைச் சந்தை போர்ட் மாதூரினில் விடியும் முன்பே கூடிவிடும், பத்து மணிக்குப் போனால் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். சனி மதியம் போய் இறங்குகிறவர்கள் சந்தையையும் விட்டு, ஞாயிறன்று திறந்த கடையையும் காணாமல் அலைவதைப் பார்த்திருக்கிறேன். தேன், எலுமிச்சை ஊறுகாய், சுண்டுவிரல் நகம் அளவுக்கு மிளகாய். அந்த மிளகாயை அண்ணன் தெரியாமல் கடித்துவிட்டு ஒரு இளநீர் முழுக்கக் குடித்தார். சின்ன விமானம், பெட்டியை நிறுத்துத்தான் ஏற்றுவார்கள், அதனால் திரும்பும்போது தேன் பாட்டிலுக்கு இடம் விட்டுப் போக வேண்டும். தங்கும் வீடுகளில் கையில் பணமாகக் கேட்பார்கள் என்பதையும் முதல் பயணத்தில்தான் கற்றோம்.

தீவு மொத்தமே 108 சதுர கிலோமீட்டர். சுற்றியிருக்கும் லகூன், அதாவது பவளப்பாறைக்கு உள்ளே அடங்கிய கடல், அதைவிட இரண்டு மடங்கு பெரியது, பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் கையில் இரும்புக் கம்பியோடு அதில் நடந்துபோய் ஆக்டோபஸ் குத்தி வருவார்கள். கொண்டுவந்ததைக் கரையில் கொம்பு நட்டுக் கயிற்றில் காயப்போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்த அண்ணி, "பனியனையெல்லாம் இங்க ஏன் காயப்போட்டிருக்காங்க?" என்று கேட்டார். கிட்டே போய்ப் பார்த்தவர் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உள்ளே வரவே இல்லை, நானே வெளியே வந்து கூப்பிட வேண்டியிருந்தது. அண்ணி சைவம். அதை நான் வீட்டுக்கார அம்மாவிடம் போனிலேயே சொல்லியிருந்ததால் சிவப்பு பீன்ஸ், சோளக் கூழ், பப்பாளிக்காய்த் துருவல் என்று தனியாக வைத்தார். அங்கே போய் நின்றுகொண்டு சொன்னால் பட்டினிதான். அந்தத் தீவில் சைவம் என்றால் மீன் மட்டும் சாப்பிடுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு.

கோக்கோ தீவுக்குப் படகு. மேற்குப் பக்கம், பறவைகளுக்காக ஒதுக்கிய மணல் திட்டு. தண்ணீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் படகு கிளம்பும், ஆகவே முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு, காற்று இல்லாத முதல் நாளிலேயே போய்விட வேண்டும். கடைசி நாளுக்கு என்று தள்ளி வைத்தால் பெரும்பாலும் நடக்காது. அங்கே சவுக்கு மரத்தடியில் வழிகாட்டி எங்களை நிறுத்தி, பேசாமல் மேலே பாருங்கள் என்று சைகை காட்டினார். மொட்டைக் கிளை. அதில் ஒரு கவட்டையில், கூடு கிடையாது, குச்சி கிடையாது, வெறுமனே ஒரு முட்டை. பக்கத்தில் பால் வெள்ளையாக ஒரு சிறு பறவை, கண் மட்டும் மை போட்டது போலக் கறுப்பு. வெள்ளை ஆலா அப்படித்தான் முட்டையிடுமாம். காற்றில் கிளை ஆடியது, முட்டையும் ஆடியது, பறவை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பையன் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு அடியில் போய் நின்றுவிட்டான், விழுந்தால் பிடிப்பதற்கு. அவனைக் கிளப்புவதற்குள் படகுக்காரர் இரண்டு தடவை விசில் அடித்துவிட்டார்.

செவ்வாய் திரும்பினோம். இந்தத் தடவை விமானம் நேரத்துக்கு வந்தது. புதன் முழுக்க ரோஸ் ஹில் வீட்டில் துணி துவைத்தோம். "ஒரு நாள் வேஸ்ட்டும்மா" என்றார் அண்ணன்.

வியாழக்கிழமை நடந்ததுதான் பெரிய கதை.

விமான நிலையக் கவுண்டரில் எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிய பெண் அண்ணனுடையதை மட்டும் திரும்பத் திரும்பப் புரட்டினார். அண்ணியும் பையனும் முறையாக விண்ணப்பித்து பிரான்ஸ் விசா வாங்கியிருந்தார்கள், ஸ்டிக்கரில் ரீயூனியன் என்று எழுதியிருந்தது. அண்ணனுக்கு மட்டும் ஆபீஸ் வேலையாக ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவாகச் செல்லுமே அது, ஏற்கெனவே இருந்தது. "ஷெங்கன் இருக்கே சார், உங்களுக்குத் தேவையில்லை" என்று ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். ரீயூனியன் பிரான்ஸின் மாவட்டம்தான், யூரோதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. ஜெர்மனி கொடுத்த ஷெங்கனை வைத்து அங்கே இறங்க முடியாது. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மொரீஷியஸ் பாஸ்போர்ட், விசா இல்லாமலே போகலாம் என்பதால் இந்த விஷயம் எங்கள் மூளையில் ஏறவே இல்லை. நானாவது கேட்டிருக்க வேண்டும். யார் போய் வந்த அனுபவத்தையும் நம்பாமல், என்னுடையதையும் சேர்த்துத்தான், பிரான்ஸ் அரசின் விசா தளத்தில் போகும் இடம் ரீயூனியன் என்று குறிப்பிட்டு, வீட்டில் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அண்ணி, நானும் போகலை என்று அழ ஆரம்பித்தார். அண்ணன்தான், "விடு, பையனைக் கூட்டிட்டுப் போ. நான் உங்க மாமியார் கையால சாப்பிட்டுட்டுக் கிடக்கறேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு டாக்ஸி ஏறினார். முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ரீயூனியனின் தலைநகர் சான் தெனியில் இறங்கியதும் அடுத்த சிக்கல். சுங்கத்தில் அண்ணியின் பையைத் திறந்தார்கள். உள்ளே தாந்தினுக்காக எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பறித்த கறிவேப்பிலை ஒரு கட்டு, முருங்கைக்காய் ஆறு. செடி, இலை, காய், பழம் எதுவும் உள்ளே விடமாட்டார்கள், செடிநோய் வந்துவிடும் என்று. இதுவும் எனக்குத் தெரியும், பையைப் பார்க்கத்தான் மறந்தேன். அண்ணி தமிழில் நியாயம் கேட்க, அவர் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குப்பையில் போட்டார். அன்று சாயங்காலம் தாந்தின் வீட்டுக் கொல்லையில் பார்த்தால் ஆள் உயரத்துக்குக் கறிவேப்பிலை. அவர்கள் மொழியில் அதற்குக் காலுபிலே என்று பேர்.

தாந்தினுக்குத் தமிழ் பேச வராது. தேவாரம் பாடுவார், பிரெஞ்சு எழுத்தில் எழுதிய ஒரு நோட்டைப் பார்த்து. சமையலறைச் சுவரில் யாரோ தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தினசரி காலண்டர், முருகன் படத்துக்காக மாட்டியது. பையன் அதன் முன்னால் நின்று சத்தமாகப் படித்தான்: "வியாழன். சூலம் தெற்கு. பரிகாரம் தைலம்." தாந்தின் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, இன்னொரு தடவை என்று விரலால் காட்டினார். அர்த்தத்தை என் வீட்டுக்காரர் கிரியோலில் சொன்னார். இத்தனை நாளாக அது மந்திரம் என்று நினைத்துத் தினமும் கும்பிட்டிருக்கிறார். தெற்கே போகாதே என்று போட்டிருக்கிறது என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் கிளம்பும்வரை தினமும் காலையில் பையன்தான் தாள் கிழிக்க வேண்டும்.

ரீயூனியனில் கார் இல்லாமல் மலை பார்ப்பது கஷ்டம். ஆனால் அங்கே வண்டி வலது பக்கம் ஓடும், மொரீஷியஸில் நம் ஊர் போல இடது. என் வீட்டுக்காரர் முதல் நாள் திருப்பத்துக்குத் திருப்பம் சிக்னல் போடுவதற்குப் பதில் வைப்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். ரவுண்டானா வந்தால் பின்சீட்டிலிருந்து பையன் "மாமா, வலது! வலது!" என்று கத்துவான். அந்தக் கத்தல் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. முதல் நாள் தூரமாகப் போகாமல் பக்கத்திலேயே ஓட்டிப் பழகிக்கொள்வது நல்லது. நாங்கள் சலாசிப் பள்ளத்தாக்குக்குப் போனோம். சிலாவோஸ் என்ற இன்னொரு மலை ஊருக்குப் போகும் பாதையில் நானூறு வளைவு என்பார்கள், பையனுக்குப் பஸ்ஸிலேயே குமட்டும், அதனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சலாசியில் வழி நெடுக அருவி, பந்தல் பந்தலாகச் சௌசௌ. அங்கேயும் அதற்கு ஷூஷூதான். "பேர்கூட மாத்தலையே இவங்க" என்று அண்ணிக்கு ஒரே ஆச்சரியம்.

மயிதோ என்ற மலை முகடு கிட்டத்தட்ட 2200 மீட்டர் உயரம். எட்டிப்பார்த்தால் கீழே மஃபாத் பள்ளத்தாக்கு, இன்றைக்கும் சாலை போகாத இடம், கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். சூரியன் ஏற ஏற மேகம் கீழிருந்து எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் விடிகாலை நான்கு மணிக்கே கிளம்பினோம், தாமதித்தால் சான் தெனி நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும்தான். வெப்ப மண்டலத் தீவுக்குப் போகிறோம் என்று இவர்கள் பெட்டி முழுக்கப் பருத்தி. மேலே பல் கிட்டியது. தாந்தினின் இரண்டு ஸ்வெட்டரை நான்கு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். ஒன்பதரைக்குப் பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். அப்போதுதான் பஸ்ஸில் ஒரு கூட்டம் வந்து இறங்கிக் கேமராவோடு சுவரைப் பார்த்து நின்றது.

கடலில் இறங்க அங்கே அவசரப்படக் கூடாது. சுறா தாக்கி உயிர்ச்சேதம் நடந்ததால் 2013 முதல் லகூனிலும் காவலுள்ள இடங்களிலும் தவிர மற்ற இடத்தில் குளிக்கத் தடை. பலகை பிரெஞ்சில் இருக்கும், மீன் படம் இருக்கும். பையனுக்கு அந்தப் பலகையோடு போட்டோ எடுத்ததோடு சரி, நீச்சலை மொரீஷியஸில் வைத்துக்கொண்டோம். மூன்று தீவிலும் கடலையே தேடியிருந்தால் மூன்றாவதில் சலித்துப்போயிருக்கும்.

திங்களன்று திரும்பினோம். அண்ணன் முகம் தொங்கிப்போயிருக்கும் என்று நினைத்தால், ஆள் தெம்பாக இருந்தார். ஒரு நாள் மெட்ரோவில் போர்ட் லூயி போய், ஆப்ரவாசி காட் என்ற பழைய இறங்குதுறையில் கூலிகளாக வந்தவர்கள் ஏறிய பதினாறு படியை எண்ணிப் பார்த்திருக்கிறார். அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். வேறொரு நாள் மாமனாரோடு காத்தர் போர்ன் மலைக் கோயில். மீதி நேரமெல்லாம் மாமியாரோடு அடுப்படி. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனால் முருங்கைக்கீரைக்கு இங்கே ப்ரெத் முரும், ரசத்துக்கு ரசோன், புட்டுக்குப் புத்து என்று ஒரு காகிதம் நிறைய எழுதி வைத்திருந்தார்.

செவ்வாயன்று, நான் அடிக்காமல் விட்ட ஒரே குட்டித் தீவு, மாயேபூருக்குப் பக்கத்தில் எக்ரெட் தீவு. படகில் சில நிமிடம்தான். கருங்காலி மரம், ராட்சத ஆமை, இளஞ்சிவப்புப் புறா. பெயர் கொக்குத் தீவு, கொக்கு ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில்தான் சண்டை. ரசத்தில் மிதந்த இலையைக் காட்டி, "இது காலுபிலே" என்றான் பையன். "இல்லடா, கரிபுலே. பாட்டிதான் சொல்லிக் கொடுத்தாங்க" என்று அண்ணன் காகிதத்தை எடுத்து நீட்டினார். அது அந்தத் தீவு, இது இந்தத் தீவு என்று அண்ணி சமாதானம் செய்ய, என்ன பிரச்சினை என்று புரியாத மாமியார் இலைதான் போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, எழுந்து போய்த் தோட்டத்தில் இன்னொரு கொத்துப் பறித்துவந்து பானையில் உருவிப் போட்டார்.